ஆங்கில த்ரில்லர்களில் வில்லன் ஏன் பெரும்பாலும் முஸ்லிம்?

கேள்வியைப் படிக்காதவர்களுக்காக முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் கல்லூரி மாணவர். விடுமுறையில் ஆங்கில த்ரில்லர்களை வரிசையாகப் படித்திருக்கிறார், பெரும்பாலும் உளவு, பயங்கரவாதம் சம்பந்தப்பட்டவை. அநேகமாக எல்லாவற்றிலும் குண்டு வைப்பவன் முஸ்லிம். விடுதியில் இவருடைய அறைத்தோழரும் முஸ்லிம். அவர் 'ஐ ஆம் பில்கிரிம்' நாவலின் பின்னட்டையைப் படித்துவிட்டு, "இதிலயும் நாங்கதானா?" என்று சிரித்திருக்கிறார். அந்தச் சிரிப்பு இவரை உறுத்துகிறது. "இந்த எழுத்தாளர்களுக்கு முஸ்லிம்கள்மேல் வெறுப்பா, இல்லை உலகத்தில் நடப்பதைத்தான் எழுதுகிறார்களா?" என்று கேட்கிறார். எழுதாமல் விட்ட இன்னொரு கேள்வியும் இதில் இருப்பதாக எனக்குப் படுகிறது: இந்த நாவல்கள் எனக்குப் பிடித்திருக்கின்றனவே, அது தப்பா? இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

நான் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்தி ஓய்வு பெற்றவன். பாடத்திட்டத்தில் உள்ள பெரியவர்களை நடத்திய நேரம் போக, வெகுஜன நாவல்கள் என்ற விருப்பப் பாடத்தையும் பல ஆண்டுகள் எடுத்தேன். ஊர் திருநெல்வேலிப் பக்கம், முஸ்லிம் குடும்பம். ஆகவே இந்த விஷயத்தில் நான் வெளியே நின்று தீர்ப்புச் சொல்கிறவன் இல்லை. அந்தப் பக்கங்களைப் புரட்டும்போது கொஞ்சம் சுருக்கென்று தைத்தவன், தைத்தபிறகும் விடியவிடிய படித்து முடித்தவன். ஆங்கிலத்தில் எழுதப்பட்டவற்றையே அதிகம் படித்திருக்கிறேன். பிரெஞ்சு, ரஷ்ய, ஹீப்ரு த்ரில்லர்களில் நிலைமை வேறாக இருக்கலாம். இங்கே சொல்வது ஆங்கில உலகத்துக்கு மட்டும்.

நிச்சயமாகச் சொல்லக்கூடியதிலிருந்து தொடங்குவோம். 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகுதான் முஸ்லிம் வில்லன்கள் வந்தார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். அது சரியில்லை. ஜான் பக்கன் எழுதிய 'கிரீன்மேன்டில்' வெளிவந்தது 1916-இல். கதை என்ன தெரியுமா? முஸ்லிம்களைப் புனிதப் போருக்குத் தட்டி எழுப்ப ஒரு ஆன்மிகத் தலைவரை ஜெர்மானியர்கள் தயார் செய்கிறார்கள். அதை முறியடிக்க பிரிட்டிஷ் உளவாளிகள் இஸ்தான்புல் வழியாகக் கிழக்குத் துருக்கியின் எர்ஸுரூம் வரை போகிறார்கள். இது முழுக்கக் கற்பனையும் இல்லை. 1914 நவம்பரில் உதுமானியப் பேரரசு உண்மையாகவே ஜிஹாத் அறிவித்தது, அதன் பின்னால் ஜெர்மனியின் தூண்டுதலும் இருந்தது. பக்கன் போர்க்காலப் பிரச்சாரத் துறையில் வேலை பார்த்தவர். பிற்பாடு கனடாவின் கவர்னர் ஜெனரலாகவும் ஆனார். ஆக, செய்தித்தாளிலிருந்து ஒரு பயத்தை எடுப்பது, அதற்கு ஒரு முகம் கொடுப்பது, கடைசி ரயிலில் கதாநாயகனை ஏற்றிவிடுவது என்ற சூத்திரத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது.

இன்னொன்றும் நிச்சயம். 1970-களின் நாவல்களில் நாம் முஸ்லிம் வில்லன் என்று நினைவில் வைத்திருப்பவர்கள் பலர் உண்மையில் முஸ்லிம் வில்லன்களாக எழுதப்படவில்லை, அரபு வில்லன்களாக எழுதப்பட்டார்கள். 1970-இல் விமானக் கடத்தல்கள், 1972-இல் மியூனிக் ஒலிம்பிக் படுகொலை, 1973-இல் எண்ணெய் நெருக்கடி. இவை அன்றைய தலைப்புச் செய்திகள். தாமஸ் ஹாரிஸின் முதல் நாவல் 'பிளாக் சண்டே' 1975-இல் வந்தது. விளையாட்டு மைதானத்தின் மேல் பறக்கும் ஆகாயக் கப்பலை வைத்துப் பல்லாயிரம் பேரைக் கொல்லும் திட்டம். திட்டத்தை நடத்துகிறவள் தாலியா இயாத் என்ற பாலஸ்தீனப் பெண். கப்பலை ஓட்டப்போகிறவன் வியட்நாம் போரில் சிறைப்பட்டு மனம் முறிந்த அமெரிக்கன். அவளுடைய கோபம் மண்ணைப் பற்றியது, மதத்துக்கு அதில் பெரிய வேலையில்லை. அன்றைய பாலஸ்தீன இயக்கங்களும் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தன. விமானக் கடத்தல்களுக்குப் பெயர்போன இயக்கத்தின் நிறுவனர் ஜார்ஜ் ஹபாஷ் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். 1979-இல் ஈரான் புரட்சி, அமெரிக்கத் தூதரக ஊழியர்கள் 444 நாள் பணயக் கைதிகளாக இருந்தது, இதெல்லாம் நடந்த பிறகுதான் வில்லனின் கையில் மதம் ஏறுகிறது. அரபு, பாலஸ்தீனம், ஈரான், இஸ்லாம் எல்லாம் ஒரே குட்டையில் கலந்ததும் அதற்கப்புறம்தான். ஈரானியர் அரபு இல்லை என்பதையே கவனிக்காத நாவல்களைக்கூடப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கேள்வியின் முதல் பாதிக்கு, அதாவது வெறுப்பா இல்லையா என்பதற்கு, நான் வகுப்பில் எப்போதும் அமெரிக்க த்ரில்லர் எழுத்தாளர் டாம் கிளான்சியைத்தான் எடுத்துக்கொள்வேன். 1988-இல் அவர் எழுதிய 'தி கார்டினல் ஆஃப் தி கிரெம்ளின்' நாவலில் 'ஆர்ச்சர்' என்று அழைக்கப்படும் ஆப்கன் போராளி ஒருவன் வருகிறான். முன்பு கணித ஆசிரியராக இருந்தவன், சோவியத் படையால் குடும்பத்தை இழந்தவன், அமெரிக்கா கொடுத்த ஸ்டிங்கர் ஏவுகணையால் சோவியத் விமானங்களை வீழ்த்துகிறவன். தொழுகிறான், அல்லாஹ்வை அழைக்கிறான், சாவுக்குப் பயப்படாமல் எல்லை தாண்டிப் போய்ச் சண்டையிட்டுச் சாகிறான். வாசகன் அவனுக்காக உருகவேண்டும் என்றுதான் கிளான்சி எழுதியிருக்கிறார், உருகவும் செய்கிறோம். மூன்றே ஆண்டு கழித்து, 1991-இல், அதே கிளான்சி 'தி சம் ஆஃப் ஆல் ஃபியர்ஸ்' எழுதினார். இதில் பாலஸ்தீனப் போராளிகள், 1973 போரில் தொலைந்துபோன ஓர் இஸ்ரேலிய அணுகுண்டைக் கண்டெடுத்துச் சரிசெய்து அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் வெடிக்க வைக்கிறார்கள். இங்கேயும் இழப்பு இருக்கிறது, இறைநம்பிக்கை இருக்கிறது, சாவுக்கு அஞ்சாத மனம் இருக்கிறது. இப்போது அதே குணங்கள் நம்மை நடுங்கவைக்க வேண்டும். 1996-இல் வந்த 'எக்ஸிக்யூட்டிவ் ஆர்டர்ஸ்' இன்னும் ஒரு படி மேலே: ஈரானும் ஈராக்கும் ஒரே இஸ்லாமியக் குடியரசாக இணைந்து அமெரிக்காமீது எபோலா கிருமியை ஏவுகின்றன. எட்டு ஆண்டு போரிட்டுத் தீர்த்த இரண்டு நாடுகள்!

இந்த எட்டு வருஷத்தில் கிளான்சிக்கு முஸ்லிம்கள்மீது வெறுப்பு வந்துவிட்டதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. சோவியத் யூனியன் கடையைக் கட்டிவிட்டது. ஸ்டிங்கர் யாரை நோக்கித் திரும்பியிருக்கிறது என்பது மாறிவிட்டது. மற்றபடி பாத்திரம் பழையதுதான். இடையில் 1994-இல் அவர் ஜப்பானியர்களைக்கூட வில்லனாக்கிப் பார்த்தார். அமெரிக்கா ஜப்பானிய வணிகத்தைக் கண்டு பயந்துகொண்டிருந்த காலம் அது. கென் ஃபாலெட்டின் 'லை டவுன் வித் லயன்ஸ்' நாவலும் ஆப்கானிஸ்தானின் பஞ்ச்ஷிர் பள்ளத்தாக்கில் சோவியத்தை எதிர்த்த முஜாஹிதீன் போராளிகளைப் பரிவோடுதான் காட்டுகிறது. அங்கே துரோகி ஒரு பிரெஞ்சு டாக்டர். ஆகவே இந்த எழுத்தாளர்கள் பலரை இயக்குவது மத வெறுப்பு என்பதைவிட, தம் நாட்டு அரசாங்கம் அந்த வருஷம் யாரைப் பார்த்து முறைக்கிறதோ அவரையே எடுத்துக்கொள்ளும் சோம்பல் என்பேன். விதிவிலக்குகள் உண்டு. வில்லன் ஒருவனோடு நிற்காமல், இஸ்லாம் என்ற மதமே ஒரு சதி என்ற தொனியில் எழுதப்பட்ட நாவல்கள் 2001-க்குப் பிறகு வந்தன. அவற்றை வெறுப்பு என்று சொல்ல நான் தயங்கமாட்டேன். ஆனால் அவை பெரும்பான்மை இல்லை.

இங்கே ஒரு சந்தேகமான விஷயத்தையும் சொல்லவேண்டும். 'தி சம் ஆஃப் ஆல் ஃபியர்ஸ்' 2002-இல் திரைப்படமானபோது வில்லன்கள் நவ-நாஜிகளாகிவிட்டார்கள். அமெரிக்க முஸ்லிம் அமைப்பு ஒன்று முன்பே எதிர்ப்புத் தெரிவித்திருந்தது, அதனால்தான் மாற்றினார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. கதைக்கு நம்பகத்தன்மை வேண்டித்தான் மாற்றினோம் என்று படத்தின் தரப்பில் சொன்னார்கள். எது உண்மை என்று நம்மால் தீர்மானிக்க முடியாது. ஆனால் இதில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது: வில்லனின் மதத்தைக் கழற்றி வேறொன்றை மாட்டினாலும் கதை ஓடுகிறது. அப்படியானால் மதம் அந்தக் கதைக்கு எவ்வளவு அவசியமாக இருந்தது?

சரி, வில்லன் முஸ்லிமாக இருப்பதே குற்றமா? கிடையாது. மியூனிக் நடந்தது, ஸ்காட்லாந்தின் லாக்கர்பிக்கு மேலே 1988-இல் விமானம் வெடித்தது, 2001 நடந்தது. இவற்றை வைத்து நாவல் எழுதாதே என்று சொல்ல எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை. த்ரில்லருக்கு ஒரு நல்ல வில்லன் வேண்டும், அவன் கெட்டிக்காரனாக இருக்கவேண்டும், கடிகாரம் ஓடவேண்டும். பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. மாணவர்களுக்கு நான் ஒரு பயிற்சி கொடுப்பதுண்டு. ஏதாவது ஒரு நாவலை எடுத்து, அதில் வரும் முஸ்லிம் பெயர்களையெல்லாம் இடதுபக்கம் எழுதி, எதிரே அவர் என்ன தொழில் செய்கிறார் என்று எழுதச் சொல்வேன். வரும் பட்டியல் அநேகமாக ஒரே மாதிரி இருக்கும்: குண்டு வைப்பவன், குண்டு வைப்பவனின் தம்பி, பணம் அனுப்பும் ஷேக், உளவுத்துறை அதிகாரி, தகவல் சொல்லிவிட்டுச் சாகும் டாக்ஸி டிரைவர், அழுகிற விதவை. தையல்காரர் இல்லை, பல் டாக்டர் இல்லை, பரீட்சையில் தோற்றுவிட்டு அத்தாவுக்கு (அப்பாவுக்கு) பயந்து வீட்டுக்குப் போகாத பையன் இல்லை. வெள்ளைக்காரப் பாத்திரங்களுக்கு இதே பட்டியலைப் போட்டால் ஒரு ஊரே வந்து நிற்கும். விவாகரத்து, மூட்டுவலி, மகளின் கால்பந்துப் போட்டி என்று எல்லாமே அவர்களுக்கு உண்டு. ஒரு பக்கம் ஊர் இருக்கிறது, இன்னொரு பக்கம் குகை மட்டும் இருக்கிறது. என் குறை இதுதான்.

இதிலேயே என்னை மிகவும் தொந்தரவு செய்வது தொழுகைக் காட்சி. நான் படித்த இந்த வகை நாவல்களில் யாரும் சும்மா தொழுவதில்லை. ஒருவன் பாயை விரித்தால் அடுத்த அத்தியாயத்தில் ஏதோ வெடிக்கப்போகிறது என்று வாசகனுக்குத் தெரிந்துவிடும். ஓட்டல் அறை, மூடிய திரை, குழாயில் கைகால் கழுவுவது, நெற்றி தரையில் படுவது, எழுந்து பையைத் திறப்பது, உள்ளே ஒயர்கள். சினிமாவில் பின்னணி இசை செய்யும் வேலையை நாவலில் தொழுகை செய்கிறது. தினம் ஐந்து வேளை தொழுகிற ஊரில் பிறந்தவனுக்கு இது வேடிக்கையாக இருக்கிறது. எங்கள் பள்ளிவாசலில் சுபுஹு என்ற அதிகாலைத் தொழுகைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் தூக்கக் கலக்கத்தில் இருப்பார்கள். ஹவுள் என்ற தண்ணீர்த் தொட்டியில் ஒளு செய்துகொண்டே, அதாவது தொழுகைக்கு முன் கைகால் கழுவிக்கொண்டே, கறிக்கடைக்காரரிடம் பழைய பாக்கியைப் பற்றிப் பேசுவார்கள். லுஹர் என்ற மதியத் தொழுகைக்குக் கடையைச் சாத்தாமல் ஓடிவந்தவர், நெற்றியைத் தரையில் வைத்து ஸஜ்தாவில் இருக்கும்போதே கல்லாப்பெட்டியைப் பூட்டினோமா என்று யோசிப்பார். பக்கத்தில் நிற்பவரின் செல்போன் அடித்துத் தொலைக்கும். இமாம் நீளமான அத்தியாயத்தை எடுத்தால் முழங்கால் வலிக்காரர்கள் முணுமுணுப்பார்கள். இதெல்லாம் பக்தி இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள், பக்தியோடு வாழ்வது இப்படித்தான் இருக்கும். த்ரில்லர் எழுதுகிறவர் ஒரே ஒரு பாத்திரத்தை இப்படித் தொழவிட்டிருந்தால்கூடப் போதும், பாதிக் குறை தீர்ந்திருக்கும்.

வில்லனுக்கு அடுத்தபடியாக இன்னும் சில நிரந்தரப் பாத்திரங்கள் உண்டு. ஒருவர் நல்ல முஸ்லிம்: கதாநாயகனின் நண்பர், நாகரிகமானவர், பெரும்பாலும் இளவரசரோ அதிகாரியோ. 'தி சம் ஆஃப் ஆல் ஃபியர்ஸ்' நாவலில் சவூதி இளவரசர் அலி அப்படித்தான் வருகிறார். இலையோரத்தில் வைத்த ஊறுகாய் மாதிரி இவர். இருக்கிறார் என்று காட்டத்தான் இருக்கிறார். பெண்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, ஏனென்றால் நாவல்களே அதிகம் சொல்வதில்லை: ஒன்று மயக்கும் கொலைகாரி, அல்லது முகத்திரைக்குள் அழும் ஜீவன். ரசமானவர் இன்னொருவர். அரபியைத் தண்ணீர்பட்ட பாடாகப் பேசி, வேஷம் போட்டுக்கொண்டு, முஸ்லிம்களுக்கு நடுவே முஸ்லிமாகவே வாழ்ந்துவிட்டு வருகிற வெள்ளைக்காரர். 'கிரீன்மேன்டில்' கடைசியில் அந்தத் தலைவரின் பச்சை அங்கியைப் போட்டுக்கொண்டு வருகிறவர் ஒரு ஸ்காட்லாந்துப் பிரபுவின் மகன். ஃபிரெடரிக் ஃபோர்சைத்தின் 'தி ஃபிஸ்ட் ஆஃப் காட்' (1994) நாவலில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி மைக் மார்ட்டின் பாக்தாதில் தோட்டக்காரனாக வேலை பார்த்து உளவறிகிறார். அவருக்கு இந்தியப் பாட்டி ஒருத்தி இருந்ததால் தோல் நிறம் கைகொடுக்கிறதாம். பன்னிரண்டு ஆண்டு கழித்து வந்த 'தி ஆஃப்கன்' நாவலில் அதே மார்ட்டின், அமெரிக்காவின் குவான்டனாமோ சிறையில் இருக்கும் தாலிபான் தளபதி இஸ்மத் கானாகவே வேஷம் போட்டு அல்-காய்தாவுக்குள் போய்விடுகிறார். படிக்கும்போது நம்பத்தான் செய்கிறோம், ஃபோர்சைத்தின் கைவண்ணம் அப்படி. புத்தகத்தை மூடியபிறகு யோசித்தால் சிரிப்பு வரும். திருநெல்வேலிக்காரன் நாகர்கோவிலில் வாயைத் திறந்தாலே எந்த ஊர் என்று கேட்பார்கள். ஆப்கானிஸ்தானின் பஷ்தூன்களிடம் மட்டும் அந்தக் காது இருக்காதா?

ஃபோர்சைத்தைக் குறைசொல்லும்போது நியாயமாக இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்த இஸ்மத் கானுக்கு அவர் ஒரு முழு வாழ்க்கை கொடுத்திருக்கிறார். சோவியத்துக்கு எதிராகப் போரிட்ட சிறுவன், பிறகு அமெரிக்க ஏவுகணை ஒன்றால் குடும்பத்தையே இழந்தவன். நெல்சன் டெமில் எழுதிய 'தி லயன்ஸ் கேம்' (2000) இன்னும் நல்ல உதாரணம். பாரிஸிலிருந்து வரும் விமானம் நியூயார்க்கில் ஒழுங்காகத் தரையிறங்குகிறது. உள்ளே போய்ப் பார்த்தால் பயணிகள் எல்லாரும் உட்கார்ந்த இடத்தில் செத்துக் கிடக்கிறார்கள். இப்படி ஒரு தொடக்கத்தைப் படித்தபிறகு யாரும் புத்தகத்தைக் கீழே வைக்கமாட்டார்கள். கொலைகாரன் அசத் கலீல், லிபியன். 1986 ஏப்ரலில் அமெரிக்க விமானங்கள் லிபியாமீது குண்டு வீசியது உண்மைச் சம்பவம். அதில் அவன் குடும்பம் செத்ததாகக் கதை. குண்டு வீசிய விமானிகளை ஒவ்வொருவராகத் தேடிப்போய்க் கொல்கிறான். அவன் நியாயம் வாசகனுக்குப் புரிகிறது. ஆனால் டெமில் செய்த ஏற்பாட்டைக் கவனியுங்கள். துப்பறிகிற ஜான் கோரி, தானே 'நான்' என்று கதை சொல்கிறார், நக்கலும் நையாண்டியுமாக. கலீலின் அத்தியாயங்கள் மூன்றாம் மனிதரின் குரலில், இறுக்கமாக, ஒரு சிரிப்புக்கூட இல்லாமல் போகின்றன. கோரியோடு நாம் காப்பி சாப்பிடுகிறோம். கலீலைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கிறோம். காரணம் கொடுப்பது வேறு, கூட உட்காரவைப்பது வேறு.

நீங்கள் படித்த 'ஐ ஆம் பில்கிரிம்' (2013) பற்றியும் இதையே சொல்வேன். டெர்ரி ஹேய்ஸ் திரைக்கதை எழுதிப் பழகியவர், அது ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. சாரசன் என்று அழைக்கப்படும் வில்லன் பதினான்கு வயதில் ஜெட்டாவில் தன் தகப்பனுக்குத் தலை வெட்டப்படும் இடத்துக்கு ஓடுகிறான். தகப்பன் செய்த குற்றம் அரச குடும்பத்தை விமர்சித்தது. அந்த அத்தியாயம் நாவலிலேயே மிகச் சிறந்த பகுதி, எந்த இலக்கிய நாவலிலும் வைக்கலாம். அப்புறம் ஆப்கானிஸ்தான், பெய்ரூட்டில் மருத்துவப் படிப்பு, கடைசியில் பெரியம்மைக் கிருமி. டாக்டராகி, கல்யாணம் பண்ணி, பிள்ளை பெற்றவனுடைய சாதாரண நாட்கள் எங்கே? ஓரிரு வரியில் கடந்துவிடுகின்றன. அந்த மகனே கடைசியில் கதையின் அச்சாணி ஆகிறான் என்பதால் ஹேய்ஸுக்கு அந்தப் பாசத்தின் அருமை தெரியாமல் இல்லை. பக்கம் ஒதுக்கத்தான் மனமில்லை.

பக்கம் ஒதுக்கினால் என்ன ஆகும் என்று பார்க்க பிரிட்டிஷ் உளவு நாவலாசிரியர் ஜான் லெ காரேயிடம் போகவேண்டும். 1983-இல் வெளிவந்த 'தி லிட்டில் டிரம்மர் கேர்ள்' நாவலை எழுதுவதற்காக லெபனானுக்குப் போனார், பாலஸ்தீனத் தலைவர் யாசர் அரஃபாத்தைச் சந்தித்தார், முகாம்களைப் பார்த்தார். நாவலில் இஸ்ரேலியர், பாலஸ்தீனியர் இரண்டு தரப்புக்கும் வாயும் வயிறும் உண்டு. இரண்டு தரப்பிலும் கோபப்பட்டார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது 'எ மோஸ்ட் வான்டட் மேன்' (2008). களம் ஹாம்பர்க், 2001 தாக்குதலை நடத்தியவர்களில் சிலர் வாழ்ந்த அதே நகரம். செச்சன்யாவிலிருந்து தப்பிவந்த இஸ்ஸா என்ற இளைஞன் பயங்கரவாதியா, வெறும் அகதியா என்பது நாவலின் கேள்வி. ஆனால் லெ காரே கதையை உளவுத்துறையிலிருந்து தொடங்கவில்லை. மெலிக் என்ற துருக்கிய குத்துச்சண்டைக்காரன் தன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்து வருகிறான். பின்னால் ஒல்லியாக ஒருவன் தொடர்ந்து வருகிறான். அம்மா இரக்கப்பட்டு அவனை வீட்டுக்குள் சேர்த்துக்கொள்கிறாள். மெலிக்குக்குப் பதற்றம், ஏனென்றால் ஜெர்மன் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள்; இந்த நேரத்தில் திருட்டுத்தனமாக வந்த ஒருவனை வீட்டில் வைத்திருப்பது தெரிந்தால் எல்லாம் போச்சு. அவ்வளவுதான். ஒரு அம்மா, ஒரு மகன், ஒரு அரசாங்க விண்ணப்பம். இந்தச் சில பக்கங்களில் முஸ்லிம்களின் ஊர் ஒன்று வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு இஸ்ஸாவை நாம் சந்தேகப்படலாம், அஞ்சலாம், ஆனால் அவன் மதத்தையே சந்தேகப்பட முடியாது. அந்த மதம் அடுப்படியில் நின்று அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறது. அதே நாவலில் அப்துல்லா என்ற மதிப்புக்குரிய அறிஞர் வருகிறார், நல்ல காரியங்களுக்கு நன்கொடை திரட்டுகிறவர், அதில் ஒரு சிறு பகுதி தவறான இடத்துக்குப் போகிறது. நல்லவரா கெட்டவரா? நாவல் கடைசிவரை அவரை ஒரு பெட்டியில் போட மறுக்கிறது.

இதை வெள்ளைக்காரர்களின் நோய் என்று மட்டும் நினைக்கவேண்டாம். உருதுவில் இப்னே சஃபி 1952 முதல் துப்பறியும் நாவல்களை எழுதிக் குவித்தார். அலகாபாத் பக்கத்தில் பிறந்து, கராச்சிக்குப் போனவர். அவருடைய நாயகர்கள் கர்னல் ஃபரீதி, கேப்டன் ஹமீத், அலி இம்ரான். எல்லாரும் முஸ்லிம்கள், அது ஒரு செய்தியே இல்லை என்பதுபோல இருப்பார்கள். ஹமீத் விளையாட்டுப்பிள்ளை, இம்ரான் கோமாளி வேஷம் போடும் மேதை. அங்கே வில்லன்கள் யார்? அமெரிக்காவிலிருந்து வரும் டாக்டர் டிரெட், ஜீரோலேண்ட் என்ற கற்பனை தேசத்தின் ஒற்றர்கள், கடல் கடந்து வருகிற பலவகை அந்நியர்கள். நாற்காலியை மாற்றிப் போட்டதும் வெளியூர்க்காரன்தான் மாட்டுகிறான். நம் சென்னையைச் சேர்ந்த பிளாஃப்ட் பதிப்பகம் 2011-இல் இவருடைய நான்கு நாவல்களை ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. மொழிபெயர்த்தவர் பெரிய விமர்சகரான ஷம்சுர் ரஹ்மான் ஃபாரூக்கி. கிடைத்தால் அறைத்தோழரோடு சேர்ந்து படியுங்கள், இருவருக்கும் வயிறு வலிக்கச் சிரிப்பு வரும்.

சரி, இப்படிப்பட்ட நாவல்களைப் படிப்பதால் மனிதர்கள் முஸ்லிம்களை வெறுக்கத் தொடங்குகிறார்களா? இது உறுதியாகச் சொல்லமுடியாத பகுதி. எட்வர்ட் சைத் 1978-இலும் 1981-இலும் எழுதிய புத்தகங்களில், மேற்கின் எழுத்தும் செய்தியும் கீழை நாடுகளை எப்படி ஒரே அச்சில் வார்த்தன என்று காட்டினார். ஜாக் ஷாஹீன் 900-க்கும் மேற்பட்ட ஹாலிவுட் படங்களை அலசி அரபுப் பாத்திரங்களைப் பட்டியலிட்டார். மத்தியக் கிழக்கைக் களமாகக் கொண்ட துப்பறியும் நாவல்களையும் உளவு நாவல்களையும் ரீவா சைமன் 1989-இலேயே ஆராய்ந்தார். ஒரே மாதிரிச் சித்திரிப்பு இருக்கிறது என்பதை இவர்கள் நன்றாகவே நிறுவுகிறார்கள். அதைப் படித்தவர் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த தாடிக்காரரை எப்படிப் பார்க்கிறார் என்பதை அளப்பது வேறு வேலை. என் அனுபவத்தில், முஸ்லிம் நண்பர்கள் உள்ளவர்களுக்கு நாவல் நாவலாகவே நின்றுவிடுகிறது. நாவலைத் தவிர வேறெங்கும் முஸ்லிமைச் சந்திக்காதவர்களுக்கு அது ஒரு அறிமுகக் கடிதம் ஆகிவிடும் அபாயம் உண்டு. இது நான் மாணவர்களிடம் கண்டது, ஆராய்ச்சி முடிவு இல்லை.

உங்களுக்குப் பிடித்திருப்பது தப்பா என்ற கேள்விக்கு என் பதில் நேரடியானது: தப்பில்லை. எனக்கும் பிடிக்கும். நான் எனக்கென்று வைத்திருப்பது ஒரு சின்னப் பழக்கம் மட்டும். வில்லன் வேலையில் இல்லாத நேரத்தில் என்ன செய்கிறான் என்று பார்ப்பேன். சாப்பிடுகிறானா, பல்வலி வருகிறதா, யாரிடமாவது கடன் வாங்கியிருக்கிறானா? பதில் கிடைத்தால் எழுத்தாளர் உழைத்திருக்கிறார். கிடைக்காவிட்டால் அவர் செய்தித்தாளைப் பார்த்து எழுதியிருக்கிறார், நானும் செய்தித்தாள் படிக்கும் வேகத்திலேயே படித்துவிட்டு வைத்துவிடுவேன்.

இனி, அறைத்தோழரிடம் என்ன சொல்வது? சமாதானம் சொல்லவேண்டாம், அவர் நகைச்சுவையாகத்தான் கேட்டிருக்கிறார். முஸ்லிம் வாசகர்களுக்கு இது பழகிப்போன வேடிக்கை. அதைவிட அவருக்கு ஒரு புத்தகம் கொடுங்கள். குர்ரம் ரஹ்மானின் 'ஈஸ்ட் ஆஃப் ஹவுன்ஸ்லோ' (2017) நல்ல தேர்வு. நாயகன் ஜே காசிம் லண்டன் பையன், அம்மாவோடு இருக்கிறான், சில்லறையாகக் கஞ்சா விற்கிறான், வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கும் போவான். உளவுத்துறை அவனைப் பிடித்துத் தங்களுக்கு வேலை பார்க்கவைக்கிறது. பயங்கரவாதம் இருக்கிறது, துப்பாக்கி இருக்கிறது, கூடவே ஊரும் இருக்கிறது. அவுஸ்மா ஸெஹானத் கானின் 'தி அன்கொயட் டெட்' (2015) கொஞ்சம் கனமானது. கனடாவின் முஸ்லிம் போலீஸ் அதிகாரி ஒருவர், போஸ்னியாவில் நடந்த 1995 ஸ்ரெப்ரெனிட்சா படுகொலையோடு தொடர்புள்ள ஒரு மரணத்தை விசாரிக்கிறார். பார்க்கர் பிலாலின் 'தி கோல்டன் ஸ்கேல்ஸ்' (2012) கெய்ரோவில் அகதியாக வாழும் சூடானியத் துப்பறிவாளரைப் பற்றியது. கராச்சி வேண்டுமென்றால் உமர் ஷாஹித் ஹமீதின் 'தி பிரிஸனர்' (2013). அவரே அங்கே போலீஸ் அதிகாரியாக இருந்தவர் என்பதால் ஸ்டேஷன் எழுத்தரின் சலிப்புவரை தெரிகிறது. லெ காரேயை இவை எல்லாவற்றுக்கும் பிறகு எடுங்கள். ஹேய்ஸின் வேகத்துக்குப் பழகியவருக்கு அவருடைய முதல் ஐம்பது பக்கங்கள் நத்தைபோல ஊரும், அங்கே விட்டுவிடவேண்டாம்.